மரக்காலும் மானிட்டரும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனைப் பேசத் தக்க அறிஞர்கள் எனக்கு முன்னும் பேசினார்கள்; எனக்குப் பின்னும் பேசவிருக்கிறார்கள். நானோ மருத்துவமனைகளில் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாகிய தொழிலைச் செய்பவன். இச்சங்கத்தின் மாலை வகுப்பிலே திண்ணையில் அமர்ந்து கணக்குப் பயின்றவன். அந்தக் கணக்குத்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. ஆதலின் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுவது முறை எனக் கருதினேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் கண்காணிப்புக் கருவியை, அதாவது எல்லோரும் மானிட்டர் என்று அழைக்கின்ற பெட்டியை, எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதே என் பொருள்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் செவிலியர் படிப்பும் மருத்துவத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பும் பயில்கிறீர்கள். நாளை அப்பெட்டியின் பொத்தானில் விரல் வைக்கப் போகிறவர்கள் நீங்கள். எஞ்சிய நாம் அனைவரும் என்றேனும் ஒருநாள் அப்பெட்டியின் முன் படுக்கப் போகிறவர்கள். ஆகவே இது எல்லோருக்கும் உரிய பொருளே ஆகும்.

பாட்டி சொன்ன பாடம்

கருவிக்குள் புகுமுன் என் பாட்டியைப் பற்றி ஒரு சொல். அவர் கதிரறுக்கப் போனவர். எழுத்தறியாதவர். "கூலிக்கு ஒரு மரக்கால், குத்தகைக்கு ஒரு மரக்கால்" என்று அடிக்கடி சொல்லுவார். நெல்லை அளந்து கொடுக்கும்போது வருவது ஒரு மரக்கால். அளந்து வாங்கும்போது வருவது வேறொரு மரக்கால். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒன்றின் அடிப்பலகை மட்டும் சற்றே உயர்ந்திருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தவருக்கே அது தெரியும். "எத்தனை மரக்கால் என்று கேட்காதே, எந்த மரக்கால் என்று கேள்" என்பதே பாட்டி எனக்குக் கற்பித்த அளவையியல்.

மானிட்டரும் ஒரு மரக்கால்தான். அதன் திரையில் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக எண்கள் ஒளிர்கின்றன. அந்த எண்கள் என்ன என்று எல்லோரும் பார்க்கிறோம். அவை எந்த அமைப்பில் அளக்கப்பட்டவை என்று பார்ப்பவர் சிலரே. அந்தச் சிலருள் நீங்களும் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வுரை.

திரையில் ஓடுவன யாவை?

நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரத்துப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் என்பார், இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக வரையும் கருவியை 1901ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிரம்பிய தொட்டிகளில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். கருவியை இயக்குவதற்கு ஐந்து பேர் தேவைப்பட்டனர். அவர் அலைகளுக்கு இட்ட பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்ட அக்கருவியின் வேலையை இன்று நெஞ்சில் ஒட்டும் சில வில்லைகளும் ஒரு சிறு பெட்டியும் செய்கின்றன.

மானிட்டரின் திரையில் முதலில் ஓடுவது இந்த ஈ.சி.ஜி. அலை. அடுத்தது, விரலில் மாட்டிய கிளிப் தரும் நாடி அலையும் ஆக்சிஜன் விழுக்காடும். மூன்றாவது மூச்சின் அலை. நான்காவது கைப்பட்டை அளக்கும் இரத்த அழுத்தம். மிக நலிந்த நோயாளிக்கு இரத்தக் குழாயினுள்ளேயே மெல்லிய குழாய் செருகி அழுத்தத்தை அலையாகக் காட்டுவதும் உண்டு.

இவை ஒவ்வொன்றிற்கும் அமைப்புகள், அதாவது செட்டிங்குகள், உண்டு. அவ்வமைப்புகள் இரண்டு வகைப்படும் என்பதை இளைஞர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு வகை, படத்தை மாற்றுவது. மற்றொரு வகை, அளவையே மாற்றுவது. புகைப்படத்தைப் பெரிதாக்கினால் அதிலுள்ள மனிதன் வளர்ந்துவிடுவதில்லை. தராசின் முள்ளைத் திருகினாலோ விற்கும் பொருளின் எடையே மாறிப் போகிறது. எந்தப் பொத்தான் புகைப்படம், எந்தப் பொத்தான் தராசு என்பதை அறியாமல் கருவியைத் தொடுவது பெருந்தீங்கு.

படத்தை மாற்றும் அமைப்புகள்

முதலாவது, அலை ஓடும் வேகம். ஈ.சி.ஜி. அலைக்கு வினாடிக்கு 25 மில்லிமீட்டர் என்பதே பொது வழக்கு. இந்த வேகத்தில் 5 மில்லிமீட்டர் என்பது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. துடிப்பு மிக விரைந்து அலைகள் ஒன்றோடொன்று நெருங்கினால் 50 மில்லிமீட்டராக மாற்றி அலையை விரித்துப் பார்க்கலாம். மூச்சு மெதுவாக நிகழ்வதால் அதன் அலைக்கு 6.25 அல்லது 12.5 மில்லிமீட்டர் போதும். 25இல் வைத்தால் திரையில் ஒரு மூச்சுக்கூட முழுமையாகத் தோன்றாது போகலாம். இந்த மாற்றங்களால் நோயாளியின் துடிப்போ மூச்சோ எண்ணிக்கையில் மாறுவதில்லை. ஆனால் 50இல் விட்டுவிட்டுப் போய்விட்டால், அடுத்த வேளைக்கு வரும் செவிலியர் அலைகளின் இடைவெளியைக் கண்டு துடிப்பு குறைந்துவிட்டதென மயங்கக்கூடும். மாற்றியவர் மீண்டும் பழைய நிலையில் வைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, அலையின் உயரம். ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைப் பத்து மில்லிமீட்டர் உயரமாக வரைவது இயல்பான அளவு. அதனைப் பாதியாகவோ இருமடங்காகவோ ஆக்கலாம். பல கருவிகளில் அலையின் இடது ஓரத்தில் ஒரு சிறு நிமிர்ந்த கோடு நிற்கும். அதுவே ஒரு மில்லிவோல்ட்டின் உயரம். அலை சிறியதா பெரியதா என்று சொல்வதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். அதுவே மரக்காலின் அடிப்பலகை.

விரலின் நாடி அலையிலோ ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல மானிட்டர்கள் இந்த அலையைத் தாமாகவே பெரிதாக்கித் திரையை நிரப்பிக் காட்டுகின்றன. வலுவான நாடிக்கும் மெலிந்து போன நாடிக்கும் படம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கும். "அலை நன்றாக வருகிறது, இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது" என்று அதைக் கண்டு சொல்லிவிடக் கூடாது. சில கருவிகளில் இரத்த ஓட்டக் குறியெண் ஒன்று தனியே காட்டப்படும். அதனையும், நோயாளியின் விரல் நுனி குளிர்ந்திருக்கிறதா வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓர் இரவு கற்பித்தது

இனி, நான் பிழை செய்த ஓர் இரவைச் சொல்லுகிறேன். ஒரு மருத்துவமனையில் வேறொரு படுக்கையின் கருவியைச் சரிசெய்ய அழைத்திருந்தார்கள். பணி முடிந்து புறப்படும் வேளையில் பக்கத்துப் படுக்கையின் மானிட்டர் அலறியது. சிறுநீரக நோயால் வாடிய ஓர் அம்மா அங்கே படுத்திருந்தார். இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 148 என்று திரை காட்டியது. இளம் மருத்துவர் ஒருவர் துடிப்பைக் குறைக்கும் மருந்துக்குச் சொல்லிவிட்டு, "மானிட்டர் சரியாகத்தானே வேலை செய்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

நான் அலையைப் பார்த்தேன். மிக உயரமாக எழுந்து எழுந்து விழுந்தது. உயரத்தைப் பாதியாகக் குறைத்தேன். படம் சிறியதாயிற்று, எண் 148இலேயே நின்றது. "கருவி சரியாகத்தான் இருக்கிறது, டாக்டர்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது வயதில் மூத்த செவிலியர் ஒருவர் வந்தார். திரையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுபத்து நான்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, பெட்டியில் கீழே பாருங்கள். விரல் கிளிப்பும் எழுபத்து நான்கு என்றுதானே சொல்கிறது?" என்றார். ஆம், அதே திரையில் ஓர் எண் 148 என்றது. இன்னோர் எண் 74 என்றது. நான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு துடிப்பிலும் ஆர் என்னும் கூர்முனை ஒன்று எழும். அதன்பின் டி என்னும் சிறு மேடு வரும். அந்த அம்மாவிற்கு அந்த மேடு கூர்முனையளவிற்கு உயர்ந்திருந்தது. கருவி ஒவ்வொரு துடிப்பையும் இரண்டாக எண்ணியது. மருத்துவர் உடனே அலையைக் கூர்ந்து நோக்கினார். முகம் மாறியது. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு இரத்தத்தில் பொட்டாசியம் மிகும்போது டி அலை இப்படித்தான் ஓங்கி எழும். துடிப்பைக் குறைக்கும் மருந்து நிறுத்தப்பட்டது. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பொட்டாசியத்திற்கான சிகிச்சை தொடங்கியது. எண்ணிக்கை சரியாக வருவதற்காக, கூர்முனை உயர்ந்தும் மேடு தாழ்ந்தும் தெரிகிற வேறொரு லீடை நான் தேர்ந்து வைத்தேன். எண் 74 ஆயிற்று. அந்த இரவு கடந்தது.

அன்று எண் பொய் சொன்னது. அலை உண்மையைச் சொன்னது. நான் திருகிய பொத்தான் புகைப்படப் பொத்தான். நான் தேடியிருக்க வேண்டியதோ, எந்த லீடைக் கொண்டு கருவி துடிப்பை எண்ணுகிறது என்னும் தராசுப் பொத்தான். பல கருவிகளில் உயர மாற்றம் எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை. சிலவற்றில் தொடும். உங்கள் கருவி எவ்வகையது என்பதை அதன் கையேட்டில் படித்தறிய வேண்டும்.

அளவையே மாற்றும் அமைப்புகள்

அளவை மாற்றும் அமைப்புகளுள் தலையாயது நோயாளியின் வகை. பெரியவரா, குழந்தையா, பச்சிளம் சிசுவா என்று கருவி முதலிலேயே கேட்கும். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. முன்பிருந்த நோயாளியின் வகையே அப்படியே தொடரும். கைப்பட்டையில் முதலில் எவ்வளவு காற்று ஏற வேண்டும் என்பதும், எச்சரிக்கை எல்லைகள் எவை என்பதும், துடிப்பை எப்படிக் கணிப்பது என்பதும் இந்த ஒரு தெரிவையே சார்ந்தவை. பெரியவர்க்குரிய அமைப்பில் சிசுவின் கையைக் கட்டினால் அந்தப் பிஞ்சுக் கையை அது நெரித்துவிடும். சிசுவுக்குரிய அமைப்பில் பெரியவரை அளந்தால் அழுத்தம் போதாமல் எண்ணே வராது போகலாம். புதிய நோயாளி வந்தவுடன் பழையவரின் பதிவை நீக்கி, வகையைத் தேர்ந்தபின்னரே வில்லைகளை ஒட்ட வேண்டும்.

அடுத்தது ஃபில்டர் என்னும் வடிகட்டி. கண்காணிப்பு நிலையில் வைத்தால் அலை நடுக்கமின்றி அழகாக ஓடும். ஆனால் மாரடைப்பை அறிவிக்கும் எஸ்.டி. பகுதியின் ஏற்ற இறக்கத்தை அது திரித்துக் காட்டக்கூடும். மருத்துவர் அப்பகுதியைப் பார்க்க விரும்பினால், நோயறி நிலை என்னும் அகன்ற அமைப்பிற்கு மாற்ற வேண்டும். அலையில் சற்று நடுக்கம் தெரியும். ஆனால் வடிவம் மெய்யாக இருக்கும்.

இங்கே மற்றோர் அனுபவம். வெளிநாட்டில் பயன்படுத்தி நன்கொடையாக அனுப்பிய ஒரு மானிட்டரைச் சிறிய மருத்துவமனை ஒன்றில் பொருத்தினேன். ஈ.சி.ஜி. அலை கயிறு திரித்தாற்போலத் தடித்து ஓடியது. வில்லைகளை மாற்றினோம், கம்பிகளை மாற்றினோம், நிலத்தொடர்பைச் சோதித்தோம். இரண்டு நாள் வீணாயிற்று. இறுதியில் ஆங்கிலக் கையேட்டை அகராதியோடு வரிவரியாகப் படித்தபோது விளங்கியது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. அமெரிக்கா போன்ற நாடுகளில் 60. ஜப்பானிலோ கிழக்கே டோக்கியோவில் 50, மேற்கே ஒசாகாவில் 60. வந்த கருவி 60ஐ வடிகட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. சுவரிலிருந்து வந்ததோ 50. ஓர் எண்ணை மாற்றியதும் அலை நூலிழை போல் தெளிந்தது. வேறு நிலத்திற்காக அமைத்த கருவி நம் நிலத்திற்குத் தானாகப் பொருந்துவதில்லை. பொருத்துவதற்கு ஓர் ஆள் படித்திருக்க வேண்டும்.

மூச்சின் எண்ணிக்கையைப் பற்றியும் விழிப்பு வேண்டும். நெஞ்சில் ஒட்டிய வில்லைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, நெஞ்சு விரிந்து சுருங்குவதையே கருவி மூச்சென்று எண்ணுகிறது. காற்று உள்ளே போகிறதா என்பது அதற்குத் தெரியாது. தொண்டை அடைத்துக்கொண்ட நோயாளி காற்றுக்காகப் போராடும்போதும் நெஞ்சு அசையும். கருவியும் எண்ணிக்கொண்டே இருக்கும். சில வேளைகளில் இதயத்தின் அசைவையே மூச்சென்று எண்ணிவிடும். ஆகவே மூச்சை அறிதற்கு நெஞ்சையும் மூக்கையும் கண்ணால் பார்ப்பதே முதல் வழி.

இரத்த அழுத்தத்திற்குக் கைப்பட்டையின் அளவே அடிப்படை. பட்டையினுள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் கையின் சுற்றளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இருத்தல் வேண்டும். பட்டை சிறியதானால் அழுத்தம் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். பெரியதானால் குறைவாகக் காட்டும். அழுத்தப் பட்டையும் விரல் கிளிப்பும் ஒரே கையில் இருந்தால், பட்டை இறுகும்போதெல்லாம் விரலுக்கு இரத்தம் நின்று ஆக்சிஜன் எண் மறையும், மணி அலறும். கிளிப்பை மறு கைக்கு மாற்றினால் தீர்ந்தது.

குழாய் வழியே அழுத்தத்தை அளப்பவர்கள், உணரியை நோயாளியின் இதயத்தின் மட்டத்தில் வைத்துச் சுழியாக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் உயர வேறுபாடு ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர் பாதரச அளவு பிழையைத் தரும். கட்டிலை உயர்த்திவிட்டு, கம்பத்திலுள்ள உணரியை உயர்த்த மறந்தால், தாழ்ந்துவிட்ட அழுத்தம் நல்ல அழுத்தம்போலத் திரையில் தெரியும். நோயாளி சரிந்துகொண்டிருப்பார், எண் அமைதியாக இருக்கும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்க்கு அதற்குரிய அமைப்பை மறவாது இயக்க வேண்டும். இல்லையேல், இதயம் நின்றுவிட்ட பின்னும் பேஸ்மேக்கரின் மின்துடிப்புகளையே இதயத் துடிப்பென்று கருவி எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

கத்துகின்ற மணியும் கேளாச் செவியும்

எச்சரிக்கை மணியின் எல்லைகளும் நாம் அமைப்பவையே. எல்லையை மிக நெருக்கி வைத்தால் நோயாளி திரும்பிப் படுத்தாலும் மணி அடிக்கும். அடித்துக்கொண்டே இருந்தால் செவி பழகிப்போகும், ஒலியைக் குறைப்பார்கள், பின் நிறுத்திவிடுவார்கள். மெய்யான ஆபத்து வரும்போது கேட்பார் இருக்கமாட்டார்.

இது கற்பனையன்று. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை மணி தொடர்பான 98 நிகழ்ச்சிகள் தன்னிடம் வந்ததாகவும், அவற்றுள் 80 சாவில் முடிந்ததாகவும் அது கூறியது. அடிக்கும் மணிகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்னும் மதிப்பீட்டையும் அது எடுத்துக்காட்டியது. செல்வம் மிகுந்த நாட்டின் நிலை இது.

செய்ய வேண்டுவது என்ன? ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் நிலைக்கேற்ற எல்லையை மருத்துவரைக் கேட்டு அமைக்க வேண்டும். வேளை மாறும்போதெல்லாம் அதனைச் சரிபார்க்க வேண்டும். காய்ந்த வில்லைகளை மாற்ற வேண்டும்; வெற்று மணிகளில் பல இதனாலேயே ஓயும். ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்குக் கீழெல்லை மட்டுமன்றி மேலெல்லையும் வேண்டும். மிகுந்த ஆக்சிஜன் அதன் விழித்திரையைக் கெடுக்கும். ஆதலால் 90 முதல் 95 விழுக்காட்டிற்குள் அதனை வைத்திருக்கப் பார்க்கிறார்கள். மின்சாரம் நின்று வந்தபின் சில கருவிகள் தொழிற்சாலை அமைப்பிற்கே திரும்பிவிடும் என்பதையும் மறத்தல் கூடாது.

பொத்தான் இல்லாத அமைப்பு

இதுவரை சொன்னவற்றிற்கெல்லாம் பெட்டியில் பொத்தான் உண்டு. பொத்தானே இல்லாத ஓர் அமைப்பைப் பற்றிச் சொல்லி முடிக்க விரும்புகிறேன்.

விரலில் மாட்டும் கிளிப்பின் அடிப்படைக் கொள்கையை 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி வகுத்தளித்தார். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலின் வழியே செலுத்தி, நாடியோடு சேர்ந்து மாறும் ஒளியின் விகிதத்தைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜனைக் கணிப்பது அது. கொரோனா நோய் உலகைச் சூழ்ந்து, ஊரெங்கும் மக்கள் அந்தக் கிளிப்பைத் தேடியலைந்த 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பெருமகன் மறைந்தார். அவர் கண்ட கொள்கையால் காக்கப்பட்ட உயிர்கள் கணக்கிலடங்கா.

ஆயினும், ஒளியின் விகிதத்தை விழுக்காடாக மாற்றும் வாய்பாடு எங்கிருந்து வருகிறது? தன்னார்வலர் சிலரின் ஆக்சிஜனைச் சோதனைக்கூடத்தில் படிப்படியாகக் குறைத்து, அவர்களின் இரத்தத்தை எடுத்து அளந்து, கருவியோடு ஒப்பிட்டு வாய்பாட்டை அமைக்கிறார்கள். தோலின் நிறமும் ஒளியை உறிஞ்சும். அந்தத் தன்னார்வலருள் கருந்தோல் உடையவர் மிகச் சிலராக இருந்தால் வாய்பாடு யாருக்குப் பொருந்தும்?

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிளிப் 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டிய வேளைகளில், இரத்தத்தை நேரே சோதித்தபோது 88க்கும் கீழே இருந்தவை எத்தனை என்று பார்த்தனர். வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பின மக்களில் 11.7 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று மடங்கு! மூச்சுக்குத் தவிக்கும் மனிதரைப் பார்த்து "உனக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு கருவி சொல்லியிருக்கிறது. அதன் பின்னர் 2025 ஜனவரியில் அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம், பலவகைத் தோல் நிறத்தாரையும் மிகுதியாகச் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்னும் வரைவு நெறிமுறையை வெளியிட்டது.

அந்த ஆய்வு அமெரிக்க மக்களைப் பற்றியது. அதன் எண்களை நம் மக்கள்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் வெயிலில் உழைத்துக் கறுத்த உடம்பினர் நிறைந்த இந்த அவையில் அதனைச் சொல்லாமல் போவதும் முறையன்று. திரை 94 என்று காட்டியும் நோயாளி மூச்சு வாங்கினால், மனம் தடுமாறினால், உதடு நிறம் மாறினால், மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். தமனி இரத்தச் சோதனை ஒன்று ஐயத்தைத் தீர்க்கும்.

எந்த மெனுவைத் திறந்தாலும் இந்த அமைப்பை நீங்கள் மாற்ற முடியாது. இது தொழிற்சாலையில், சோதனைக்கூடத்தில், நெறிமுறை எழுதும் அறையில் அமைக்கப்படுவது. என் பாட்டியின் மரக்காலில் அடிப்பலகையை உயர்த்தியவன் அறிந்தே செய்தான். இங்கே யாரும் வஞ்சகமாகச் செய்யவில்லை. அளவு அமைத்த அறையில் கருந்தோலர் போதிய அளவு இல்லை; அவ்வளவே. வஞ்சகம் இன்றியும் அளவு பிழைபடும் என்பதே நான் இதில் கண்ட பாடம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நோயாளியின் உறவினராகப் போகிறவர்க்கு முதலில் ஒரு சொல். மானிட்டரின் பொத்தானைத் தொடாதீர்கள், மணி அடித்தால் நீங்களே நிறுத்தாதீர்கள், செவிலியரை அழையுங்கள். ஆனால் அச்சமின்றிக் கேளுங்கள். "அம்மா, இந்த எண்ணும் அந்த எண்ணும் ஏன் வேறுபடுகின்றன?" என்று பணிவோடு கேட்பது குற்றமன்று.

செவிலியராகவும் தொழில்நுட்பராகவும் ஆகப்போகும் தம்பி தங்கைகளே! கருவியை இயக்கக் கற்பதோடு நின்றுவிடாதீர்கள். பொத்தானை அழுத்த ஒரு வாரத்தில் கற்கலாம். அந்தப் பொத்தான் படத்தை மாற்றுகிறதா, அளவை மாற்றுகிறதா என்று அறிவதற்குத்தான் படிப்பு வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மூடி வைக்காதீர்கள். நான் அகராதியோடு படித்தேன். நீங்கள் என்னினும் விரைவாகப் படிப்பீர்கள். உங்களுள் சிலர் பொறியியலும் அளவையியலும் பயின்று, வாய்பாடு எழுதும் அந்தச் சோதனைக்கூடம் வரை செல்ல வேண்டும்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தாருங்கள். பழுதாகிக் கழித்துவிட்ட மானிட்டர் ஒன்றைத் தேடிப் பெற்றுச் சீர்செய்து வைப்பது என் பொறுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன் அமர்ந்து, ஒவ்வோர் அமைப்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். கையேட்டைத் தமிழில் எழுதுவோம். நான் கணக்குக் கற்ற அதே திண்ணையில் அதனைத் தொடங்கினால் என் மனம் நிறையும்.

எத்தனை என்று மட்டும் கேட்காமல் எந்த மரக்கால் என்று கேட்கும் தலைமுறையாக நீங்கள் வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.